இரு வீடுகளுக்கு நடுவே வேலி: கம்பம் நடுமுன் அறிய வேண்டிய உரிமைகளும் செய்ய வேண்டிய வேலைகளும்

புதிதாக வீடு வாங்கியவர்கள் முதலில் செய்ய நினைக்கும் வேலைகளில் ஒன்று, பக்கத்து வீட்டுக்கும் தம் வீட்டுக்கும் நடுவே வேலியோ மதிலோ எழுப்புவது. ஆட்கள் குழி தோண்டத் தொடங்கிய பிறகுதான் பலரும் மூன்று கேள்விகளைச் சந்திக்கிறார்கள்: எல்லைக் கோடு உண்மையில் எங்கே போகிறது, அந்தக் கோட்டின் மேலேயே கட்டலாமா அல்லது உள்ளே தள்ளிக் கட்ட வேண்டுமா, செலவை யார் ஏற்பது? இவற்றுக்கான விடைகள் நாட்டுக்கு நாடும், மாநிலத்துக்கு மாநிலமும், சில வேளைகளில் ஊருக்கு ஊரும் மாறுகின்றன. ஆனால் வேலையைச் செய்ய வேண்டிய வரிசை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் கோட்டை உறுதி செய்ய வேண்டும். அடுத்து உள்ளூர் விதிகளைப் பார்க்க வேண்டும். பிறகு பக்கத்து வீட்டாரிடம் பேசி, பேசியதை எழுத்தில் கொண்டுவந்து, அதன் பின்னரே கட்ட வேண்டும். இந்த வரிசை தலைகீழாகும் இடத்தில்தான் பெரும்பாலான எல்லை வழக்குகள் பிறக்கின்றன.

கோடு எங்கே போகிறது

ஏற்கெனவே நிற்கும் பழைய வேலியை எல்லை என்று எண்ணிவிடக் கூடாது. முன்பிருந்தவர் மரத்தைக் காப்பாற்ற வளைத்துக் கட்டியிருக்கலாம். பாறையைத் தவிர்க்க ஒரு முழம் உள்ளே தள்ளியிருக்கலாம். யாரும் அளக்காமலேயே கயிறு கட்டி நட்டிருக்கலாம். எனவே கிரயப் பத்திரத்தில் எழுதப்பட்டுள்ள நான்கெல்லைகளையும் நீள அகலங்களையும், அதனுடன் இணைந்த வரைபடத்தையும் முதலில் எடுத்துப் படியுங்கள். தமிழ்நாட்டில் இதனுடன் பட்டாவையும், அரசின் நில அளவைப் படமான புல வரைபடத்தையும் ஒப்பிட வேண்டும். பத்திரத்தில் ஓர் அளவும் பட்டாவில் வேறோர் அளவும் இருப்பது அரிதன்று. அந்த வேறுபாட்டைக் கட்டுமுன் தீர்ப்பது எளிது, கட்டிய பின் தீர்ப்பது மிகக் கடினம்.

வரைபடம் கையில் இருக்கிறது என்பதற்காக அதை அளவுகோலால் அளந்து கம்பம் நடவும் கூடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலப் பதிவகம் தரும் உரிமை வரைபடம், 2002ஆம் ஆண்டின் நிலப் பதிவுச் சட்டப்படி, பெரும்பாலும் பொதுவான எல்லையை மட்டுமே காட்டுகிறது. துல்லியமான கோட்டை அது உறுதி செய்வதில்லை. 1:1,250 அளவில் வரைந்த படத்தில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 1.25 மீட்டர். அந்தக் கோட்டின் தடிமனே ஒரு சண்டைக்குப் போதுமான அகலம். கைப்பேசியில் தெரியும் செயற்கைக்கோள் வரைபடமும் இந்த வேலைக்கு உதவாது, ஏனெனில் அதன் இடக்குறிப்பு சில மீட்டர்கள் வரை தவறக்கூடும். வீட்டைப் பார்த்து நின்றால் இடப்பக்க வேலி உங்களுடையது, வலப்பக்கம் அவர்களுடையது என்று சில ஊர்களில் சொல்லப்படும் கணக்குக்கும் பொதுவான சட்ட அடிப்படை கிடையாது.

ஆகவே உரிமம் பெற்ற நில அளவரை அழைத்து அளக்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் வருவாய்த் துறை வழியாக அரசு அளவரைக் கேட்டு விண்ணப்பிக்கலாம்; 1923ஆம் ஆண்டின் அளவை மற்றும் எல்லைகள் சட்டம் இந்த நடைமுறைக்கு அடிப்படையாக உள்ளது. அளவர் வரும் நாளைப் பக்கத்து வீட்டாருக்கு முன்கூட்டியே தெரிவித்து, அவர்களையும் உடன் நிற்கச் சொல்வது மிக முக்கியம். அவர்கள் கண்ணெதிரே அடிக்கப்பட்ட முளைக்குச்சியைப் பின்னால் மறுப்பவர்கள் குறைவு. அவர்கள் இல்லாதபோது அடித்ததை நம்புபவர்கள் அதைவிடக் குறைவு. ஏற்கெனவே உள்ள எல்லைக்கல்லை எந்தக் காரணத்துக்காகவும் நகர்த்தாதீர்கள். அரசு நட்ட எல்லைக்கல்லை அகற்றுவதோ இடம் மாற்றுவதோ இந்தியா உட்படப் பல நாடுகளில் தண்டனைக்குரிய குற்றம்.

அளந்து பார்த்தபின் பழைய வேலி கோட்டில் இல்லை என்று தெரியவந்தால் அவசரப்படாதீர்கள். நீண்ட காலம் ஒருவர் தம் நிலம் என்ற எண்ணத்தோடு வெளிப்படையாகவும் இடையறாமலும் வைத்திருந்த நிலத்துண்டு அவருக்கே உரியதாகிவிட வாய்ப்புள்ளது. இதை எதிரிடை அனுபவம் என்பார்கள். இந்தியாவில் தனியார் நிலத்தை மீட்க வழக்கிடும் கால வரம்பு, 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, 12 ஆண்டுகள். இங்கிலாந்தில் பதிவு செய்யப்பட்ட நிலத்துக்கு 10 ஆண்டுகள் கழிந்த பின் விண்ணப்பிக்கலாம். ஆனால் பதிவு பெற்ற உரிமையாளருக்கு எதிர்ப்புத் தெரிவிக்க வாய்ப்புத் தரப்படும். கலிபோர்னியாவில் 5 ஆண்டுகள் போதும், ஆனால் அந்த நிலத்துக்கு உரிய வரியையும் அனுபவித்தவரே கட்டியிருக்க வேண்டும். எனவே உங்கள் இடத்தைப் பக்கத்து வீட்டார் பயன்படுத்தி வருகிறார்கள் என்று தெரிந்தால், அதை விட்டுக்கொடுக்க மனமிருந்தாலும்கூட, “என் அனுமதியின் பேரில் பயன்படுத்துகிறீர்கள்” என்று ஒரு கடிதம் எழுதி, அவர்களிடம் கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதியோடு நடக்கும் பயன்பாடு பொதுவாக எதிரிடை அனுபவம் ஆகாது.

கோட்டின் மேலா, உள்ளேயா

இந்த ஒரு முடிவிலிருந்துதான் மற்ற உரிமைகள் பெரும்பாலும் கிளைக்கின்றன. அடித்தளம் உட்பட முழு வேலியும் உங்கள் நிலத்துக்குள் நின்றால் அது உங்களுடையது. எந்தப் பொருளில் கட்டுவது, எப்போது மாற்றுவது என்பதை, உள்ளூர் விதிகளுக்கு உட்பட்டு, நீங்களே முடிவு செய்யலாம். செலவும் பராமரிப்பும் உங்கள் தலையில்தான். கோட்டின் மேல் இரு பக்கமும் கால் பதித்து நின்றால் அது பெரும்பாலும் இருவருக்கும் பொதுவானதாகக் கொள்ளப்படும். ஒருவர் மற்றவரைக் கேட்காமல் அதை இடிக்கவோ உயர்த்தவோ துளையிடவோ முடியாது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டம் இதை விரிவாக வகுக்கிறது. எல்லைக் கோட்டில் புதிதாகக் கல் அல்லது செங்கல் சுவர் எழுப்ப விரும்புபவர், வேலை தொடங்கக் குறைந்தது ஒரு மாதம் முன்பு பக்கத்து வீட்டாருக்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். கோட்டின் இரு புறமும் அமர்ந்த சுவராக அதைக் கட்ட அவர்களுடைய சம்மதம் தேவை. 14 நாட்களுக்குள் எழுத்தில் சம்மதம் வராவிட்டால், அதை முழுவதும் தம் நிலத்திலேயே கட்ட வேண்டும். மர வேலி இந்தச் சட்டத்துக்குள் வராது என்பதைப் புதியவர்கள் பலர் அறிவதில்லை.

பிரான்சின் உரிமையியல் சட்டத் தொகுப்பு நேர்மாறான வழியில் செல்கிறது. நகர்ப்புறங்களில் ஒருவர், எல்லை மதிலுக்குப் பங்களிக்குமாறு பக்கத்து வீட்டாரைக் கட்டாயப்படுத்தலாம். உள்ளூரில் வேறு விதியோ நிலைத்த வழக்கமோ இல்லாவிட்டால், மதிலின் உயரம் 50,000 பேருக்கு மேல் வாழும் நகரங்களில் 3.2 மீட்டரும் மற்ற நகரங்களில் 2.6 மீட்டரும் இருக்க வேண்டும். இரண்டு மனைகளைப் பிரிக்கும் சுவர் பொதுவானது என்பதே அங்கு ஊகம். ஆனால் சுவரின் உச்சி ஒரே பக்கமாகச் சரிந்திருந்தால், மழைநீர் எவர் பக்கம் விழுகிறதோ அவருடைய சுவர் என்று கொள்வார்கள். கட்டும் முறையே உரிமைக்குச் சாட்சியாகிவிடுகிறது என்பதால், கொத்தனாரிடம் வேலையை ஒப்படைக்கும்போது உச்சியின் சரிவு எந்தப் பக்கம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

நான் பரிந்துரைப்பது இதுதான்: பக்கத்து வீட்டார் எழுத்தில் இசைந்தால் கோட்டின் மேலேயே கட்டுங்கள், இடமும் வீணாகாது, செலவையும் பகிரலாம். இசையாவிட்டால், அடித்தளத்தின் அகலத்தைக் கணக்கிட்டு, மண்ணுக்கு அடியில்கூட அது கோட்டைத் தாண்டாத அளவுக்கு மட்டும் உள்ளே தள்ளுங்கள். பராமரிக்க வசதியாக இருக்கும் என்று இரண்டடி, மூன்றடி தள்ளிக் கட்டுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் வேலிக்கு வெளியே கிடக்கும் அந்தக் கீற்று நிலத்தை நாளடைவில் பக்கத்து வீட்டார் பயன்படுத்தத் தொடங்குவார்கள். சில ஆண்டுகளில் வேலிதான் எல்லை என்ற பேச்சும் எழும். எவ்வளவு தள்ளியிருக்கிறீர்கள் என்பதைச் சென்டிமீட்டர் கணக்கில் எழுதி, வேலிக்கு வெளியே உள்ள இடமும் உங்களுடையதே என்று குறிப்பிட்டு, நில அளவரின் படத்தோடு அவர்களுக்கு ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.

உயரம், ஒளி, நீர், பாதை

உள்ளாட்சி அமைப்பில் கேட்க வேண்டிய முதல் கேள்வி உயரம் பற்றியது. இங்கிலாந்தில் பொதுவாக 2 மீட்டருக்கு மேலும், வாகனங்கள் செல்லும் சாலையை ஒட்டிய இடத்தில் 1 மீட்டருக்கு மேலும் போனால் திட்ட அனுமதி வேண்டும். கலிபோர்னியாவில், பக்கத்து வீட்டாரைத் துன்புறுத்தும் கெட்ட எண்ணத்தோடு தேவையின்றி 10 அடிக்கு மேல் எழுப்பும் வேலியைச் சட்டம் தொல்லையாகவே கருதுகிறது. தெரு முனையில் உள்ள மனையானால், திரும்பும் வண்டிகளுக்குப் பார்வை மறையாதபடி மூலையில் உயரத்தைக் குறைக்கவோ மூலையை வெட்டிவிடவோ பல ஊர்களின் விதிகள் கோருகின்றன. நீச்சல் குளம் இருந்தால் அதற்குத் தனி விதி உண்டு; ஆஸ்திரேலியாவில் குளத் தடுப்பாகவும் பயன்படும் எல்லை வேலி குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும். வீட்டுவசதிச் சங்கத்தின் விதிகளும், பத்திரத்திலேயே எழுதப்பட்ட கட்டுப்பாடுகளும் உள்ளாட்சி விதியைவிடக் கடுமையாக இருக்கலாம்.

ஒளியும் காற்றும் பலர் கவனிக்காத உரிமைகள். 1882ஆம் ஆண்டின் இந்திய அனுபவ உரிமைச் சட்டப்படி, ஒரு கட்டடத்துக்கு 20 ஆண்டுகள் தடையின்றி அமைதியாகக் கிடைத்து வந்த வெளிச்சமும் காற்றும் உரிமையாகிவிடும். உங்கள் நிலத்துக்குள்ளேயே கட்டினாலும், பக்கத்து வீட்டின் பழைய சன்னலைக் கணிசமாக அடைக்கும் மதிலுக்கு எதிராக அவர்கள் வழக்கிடலாம். வழியுரிமைக்கும் இதே போன்ற நிலைதான்: பக்கத்து வீட்டார் உங்கள் நிலத்தின் வழியே நடக்கவோ குழாய் கொண்டு செல்லவோ உரிமை பெற்றிருந்தால், நிலம் உங்களுடையது என்ற காரணத்தால் அதை மறித்துவிட முடியாது. திறந்து மூடக்கூடிய கதவு வைத்துச் சாவியைப் பகிர்வது பல இடங்களில் ஏற்கப்படும் வழி. அதையும் முன்பே பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.

மழைநீர் இயல்பாக ஓடிவரும் தாழ்வான பக்கத்தில் மதில் எழுப்புபவர்கள் அடியில் நீர் வெளியேறும் துளைகளை விட மறக்கிறார்கள். முதல் பெருமழையில் மேட்டுப் பக்கத்து வீட்டில் நீர் தேங்கி அவர்கள் சுவர் ஊறினால், அந்தச் சேதத்துக்கு நீங்கள் பொறுப்பாகலாம். மதிலின் மேல் கண்ணாடிச் சில்லு பதிப்பதும் முள்கம்பி சுற்றுவதும் சில ஊர்களில் தடை செய்யப்பட்டுள்ளன. தடை இல்லாத இடத்திலும் ஒரு குழந்தை காயப்பட்டால் இழப்பீடு கேட்டு வழக்கு வரலாம். குழி தோண்டுமுன் மின் கம்பி, எரிவாயுக் குழாய், குடிநீர்க் குழாய் எங்கே போகின்றன என்று விசாரியுங்கள்; அமெரிக்காவில் 811 என்ற எண்ணை அழைத்தால் குறியிட்டுத் தருகிறார்கள்.

பேச்சும் அறிவிப்பும்

சட்டம் அறிவிப்புக் கடிதம் கேட்கும் இடத்திலும், கடிதத்துக்கு முன் நேரில் போய்ப் பேசுங்கள். தபாலில் வரும் நோட்டீஸை முதல் செய்தியாகப் பெறுபவருக்கு, அதில் உள்ளது நியாயமாக இருந்தாலும், எதிர்க்கத்தான் தோன்றும். அந்த வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பவரிடம் மட்டும் பேசி முடித்துவிடக் கூடாது. அறிவிப்பு வீட்டு உரிமையாளருக்குப் போய்ச் சேர வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை நாடுகள் இரு வகையாகப் பிரிகின்றன. இங்கிலாந்தில் வேலி போட வேண்டும் என்ற பொதுக் கடமையே இல்லை. பத்திரத்தில் எழுதியிருந்தாலொழியப் பக்கத்து வீட்டாரிடம் பங்கு கேட்க முடியாது. இந்தியாவிலும் வீட்டு மதிலின் செலவு பெரும்பாலும் இருவரின் உடன்பாட்டையே பொறுத்திருக்கிறது. நியூசிலாந்தின் 1978ஆம் ஆண்டு வேலிச் சட்டம், ஆஸ்திரேலிய மாநிலமான நியூ சௌத் வேல்ஸின் 1991ஆம் ஆண்டு பிரிப்பு வேலிச் சட்டம், கலிபோர்னியாவில் 2013இல் இயற்றப்பட்ட நல்லயலார் வேலிச் சட்டம் ஆகியவையோ, தேவைக்குப் போதுமான வேலியின் செலவை இருவரும் சமமாக ஏற்க வேண்டும் என்பதைத் தொடக்க நிலையாகக் கொள்கின்றன. போதுமானதைவிட உயர்ந்த பொருளில் கட்ட விரும்பினால், கூடுதல் செலவை விரும்பியவரே ஏற்க வேண்டும்.

காலக்கெடுவைக் கவனியுங்கள். கலிபோர்னியாவில் 30 நாட்கள் முன்பாக எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். நியூசிலாந்தில் அறிவிப்பைப் பெற்றவர் 21 நாட்களுக்குள் எதிர் அறிவிப்புத் தராவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படுவார். நியூ சௌத் வேல்ஸில் ஒரு மாதத்துக்குள் உடன்பாடு ஏற்படாவிட்டால் உள்ளூர் நீதிமன்றத்தையோ தீர்ப்பாயத்தையோ நாடலாம். அறிவிப்பு இல்லாமல் கட்டிவிட்டுப் பின்னால் பாதிப் பணம் கேட்பவர்களுக்கு இந்தச் சட்டங்கள் பெரும்பாலும் துணை நிற்பதில்லை. அறிவிப்பைப் பெறுபவர் நீங்களாக இருந்தால், மௌனம் உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும் என்பதை நினைவில் வைத்து, கெடுவுக்குள் எழுத்தில் பதில் சொல்லுங்கள். வேலி தேவையா என்பதையும், பொருள், உயரம், விலை, கோடு ஆகிய ஒவ்வொன்றையும் எதிர்க்கவோ வேறொரு விலைப்புள்ளி வாங்கிக் காட்டவோ உங்களுக்கு உரிமை உண்டு.

கலிபோர்னியச் சட்டம் அறிவிப்பில் இருக்க வேண்டியவற்றைத் தெளிவாகச் சொல்வதால், வேறு எங்கு வாழ்பவரும் அதையே மாதிரியாகக் கொள்ளலாம்: இப்போதுள்ள குறை என்ன, அதற்கு முன்வைக்கும் தீர்வு என்ன, மதிப்பிட்ட செலவு எவ்வளவு, அதை எப்படிப் பகிர்வது, வேலை எப்போது தொடங்கி எப்போது முடியும். தமிழில் எழுதினால் இப்படி அமையலாம்:

“நம் இரு மனைகளுக்கும் நடுவே உள்ள வேலி சாய்ந்து கிடப்பதை நாம் நேரில் பார்த்தோம். நில அளவர் நம் இருவர் முன்னிலையில் குறித்த கோட்டின் மேல், 1.5 மீட்டர் உயரத்தில் செங்கல் மதில் கட்ட விரும்புகிறேன். இரண்டு ஒப்பந்தக்காரர்களின் விலைப்புள்ளிகளை இணைத்துள்ளேன். செலவில் பாதியைத் தாங்கள் ஏற்பீர்கள் என எதிர்பார்க்கிறேன். இதில் மாற்றம் வேண்டுமானால் 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் பதில் வரும்வரை வேலையைத் தொடங்க மாட்டேன்.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பக்கத்து வீட்டாரின் பதற்றத்தைத் தணிப்பது அதுதான். கடிதத்தை, போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இசைவு கிடைத்ததும் இருவரும் கையொப்பமிட்ட ஒரு பக்க ஒப்பந்தம் போதும். கோடு, பொருள், உயரம், எந்த முகம் எந்தப் பக்கம், யார் எவ்வளவு எப்போது தருவது, பழைய வேலியின் பொருட்கள் யாருக்கு, பின்னாளில் பழுது பார்ப்பது யார் ஆகியவை அதில் இருக்கட்டும். வேலையாட்கள் பக்கத்து மனைக்குள் கால்வைக்க வேண்டியிருந்தால் அந்த அனுமதியையும் நாளோடும் நேரத்தோடும் எழுதிக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் பக்கத்து நிலத்துக்குள் நுழைய நீதிமன்ற ஆணை பெற வழி தந்தாலும், அது ஏற்கெனவே உள்ளவற்றைப் பாதுகாக்கும் பணிகளுக்குத்தான். வெறும் புது வேலி போட அதை நம்பியிருக்க முடியாது.

உடன்பாடு வராதபோது

கோட்டைப் பற்றித்தான் தகராறு என்றால், இருவரும் சேர்ந்து ஒரு நில அளவரை அமர்த்தி, அவர் சொல்வதை ஏற்போம் என்று முன்பே எழுதிக்கொள்வது மிக மலிவான தீர்வு. செலவைப் பற்றியோ வகையைப் பற்றியோ என்றால் சமரச மையங்களையும் தீர்ப்பாயங்களையும் நாடுங்கள். கனடாவின் ஒன்டாரியோவில் உள்ளாட்சி அமைப்பு நியமிக்கும் வேலிப் பார்வையாளர்கள் இடத்துக்கே வந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் ஏற்பாடு பல ஊர்களில் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2011ஆம் ஆண்டுச் சட்டம் வேலி வழக்குகளையும் மர வழக்குகளையும் ஒரே தீர்ப்பாயத்தின் கீழ்க் கொண்டுவந்தது. எல்லை வழக்கில் நீதிமன்றச் செலவு, தகராறுக்குரிய நிலத்தின் மதிப்பையே தாண்டிவிடக்கூடும் என்பதால், வழக்கைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நிலையில் மட்டும் தாமதிக்கக் கூடாது. பக்கத்து வீட்டார் உங்கள் நிலத்துக்குள் கட்டத் தொடங்கிவிட்டால், அன்றே படம் எடுத்து, அன்றே எழுத்துமூலம் எதிர்ப்புத் தெரிவியுங்கள். ஜெர்மன் உரிமையியல் சட்டத்தில், வேண்டுமென்றோ கடும் கவனக்குறைவாலோ அன்றி எல்லை தாண்டிக் கட்டிவிட்ட கட்டடத்தை, உடனே எதிர்க்காத நில உரிமையாளர் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அவருக்குக் கிடைப்பது இழப்பீடாக ஓர் ஆண்டுத் தொகை மட்டுமே. இந்தியாவில் வேலை நடக்கும்போதே தடையாணை கேட்பது, கட்டி முடித்த மதிலை இடிக்க ஆணை கேட்பதைவிட எளிது. எவ்வளவு நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், எழுப்பிய சுவரை நீங்களே ஆள்வைத்து இடிக்காதீர்கள். வழக்கில் வாதியாக இருக்க வேண்டியவர் அந்த ஒரு செயலால் குற்றம் சாட்டப்பட்டவராக மாறிவிடுவார்.

கட்டி முடித்த பின்

வேலை தொடங்குமுன் இருந்த நிலை, குழியில் அடித்தளம் தெரிந்த நிலை, முடிந்த நிலை ஆகிய மூன்றையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். நடுப்படம்தான் பின்னாளில் அதிகம் பேசும், ஏனெனில் மண் மூடிய பிறகு அடித்தளம் எங்கே நிற்கிறது என்பதைத் தோண்டாமல் காட்ட வேறு வழியில்லை. அளவரின் படம், அறிவிப்புக் கடிதம், ஒப்பந்தம், பணம் கொடுத்த ரசீதுகள் எல்லாவற்றையும் கிரயப் பத்திரத்தோடு ஒரே உறையில் போடுங்கள். நீங்களும் பக்கத்து வீட்டாரும் எழுதிக்கொண்ட சாதாரண ஒப்பந்தம் பொதுவாகக் கையொப்பமிட்ட இருவரை மட்டுமே கட்டுப்படுத்தும். வீடு கைமாறினால் புதிய உரிமையாளர் பராமரிப்புச் செலவில் பங்கு தர மறுக்கலாம். அவரையும் கட்டுப்படுத்த வேண்டுமானால், உங்கள் பகுதியில் அதைப் பதிவு செய்ய இயலுமா, எந்த வடிவில் எழுத வேண்டும் என்பதைக் கையொப்பமிடும் முன்பே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.